தலைவரும் செயலாளரும் வெளியே

எங்கள் கட்சிக் கிளைத் தலைவர் யாருக்காகவும் வாக்குக் கேட்பதில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், வாயால் கேட்க மாட்டார். பிடித்த ஆளை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு அங்கத்தவர் வீடுகளுக்குச் சுகம் விசாரிக்கப் போவார், அவ்வளவுதான். பிள்ளையின் வேலைக்குக் கடிதம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். பிறகு எவன் மாற்றிப் போடுவான்?

இந்த முறை பின்னால் இருந்தவர் வீதி ஒப்பந்தம் எடுக்கிற ஒரு கொந்தராத்துக்காரர். அவரை எதிர்த்து, பிரதேச சபைத் தேர்தலுக்கு எங்கள் வட்டாரத்தின் கட்சி வேட்பாளராகக் கேட்டது என் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவள். பாலர் பாடசாலை ரீச்சர். வீதியில் வெள்ளம் நின்றால் சபைக்கு முதலில் போய் நிற்பது அவள்தான். நான் கிளைச் செயலாளர். கம்பஸில் பட்டப்படிப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனைத் தலைவரே கூப்பிட்டு அந்தப் பதவியைத் தந்திருந்தார். ஆளைத் தெரியாமல் செய்துவிட்டார்.

ராத்தா என் அறைக்கு வந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.

"அவர் அந்தப் பக்கம் ஆள் புடிக்கிறார். நீ பொம்புளயளுக்கிட்ட ஒரு வார்த்த செல்லன். செயலாளர் செல்ற எண்டா கேப்பாங்க."

"அதுக்குத்தான் செல்லமாட்டன்."

"நல்ல தம்பிதான் நீ."

அன்று அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். கிளைப் பதவியில் இருப்பவன் தன் வாக்கைப் போடலாம். அடுத்தவன் வாக்கின் மேல் கை வைக்கக் கூடாது. அது கொந்தராத்துக்காரருக்கு என்றாலும் தப்பு, என் ராத்தாவுக்கு என்றாலும் தப்பு. நம் ஆளுக்குச் செய்தால் சேவை, மற்றவர் செய்தால் அநியாயம் என்று கதைக்கிற கூட்டத்தில் நான் இல்லை.

வேட்பாளரைத் தெரிவு செய்ய, அசர் தொழுகைக்குப் பிறகு வாசிகசாலையில் கிளைக் கூட்டம். கதை பேச்செல்லாம் முடிந்து, வாக்கைத் துண்டில் எழுதிப் பிஸ்கட் டின்னில் போட வேண்டிய நேரம். தலைவர் டின்னுக்குப் பக்கத்திலேயே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எழுந்தேன்.

"தலைவர், நாம ரெண்டு பேரும் முதல்ல போட்டுட்டு வெளிய போவம். ஆக்கள் ஆறுதலா எழுதட்டும்."

"என்ட கிளையில இருந்து என்னையே வெளிய போடப் பாக்கிறயா, தம்பி?"

"நானும்தானே வாறன். பிளேன்டி என்ட செலவு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. இருந்தால் பயந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மனிதர் எழுந்துவிட்டார். இரண்டு வேட்பாளர் பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவரை எண்ணுவதற்கு வைத்துவிட்டு எதிரே இருந்த தேநீர்க் கடைக்குப் போனோம். அவர் வாசிகசாலை வாசலைப் பார்க்கிற மாதிரி உட்காரப் போனார். நான் அந்தக் கதிரையை முந்திப் பிடித்தேன்.

"ஒண்ட ராத்தா தோத்தா வீட்ட எப்பிடிடா போவ?" என்று கேட்டார்.

"நடந்துதான்."

ராத்தா தோற்றாள். பெரிய வித்தியாசமில்லை, ஆனாலும் தோல்விதான். தலைவர் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்ட ராத்தா என்னை மட்டும் போட்டுத் தின்னச் சொன்னாள். போட்டுத் தின்றேன். கறி கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பாதிக்குக் கிட்ட விழுந்திரிக்கி. நான் அவ்வளவு வீட்டுக்குப் போகவே இல்லியே. நீ ஆருக்கிட்டயாவது செல்லினயா?"

"இல்ல."

"அல்லாஹ்ட மேல?"

"அல்லாஹ்ட மேல."

அவள் முகம் மாறியது. விரலை மடக்கத் தொடங்கினாள். கடற்கரை வீதியில் யாராக இருக்கும், தறிக்காரர் வீட்டில் யாராக இருக்கும் என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டு போனாள். எனக்கும் தெரியாது, தெரியவும் கூடாது என்றேன். அவள் காதில் விழவில்லை. தான் கேட்காமலே தனக்குப் போட்டவர்களை வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தாள்.