புள்ளி போட்டது யார்?

மூன்று வாரத்துக்கு முன் நண்பர் குபேந்திரன் என் வீட்டுக்கு வந்தார். வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, என்னைய டூப்ளிகேட்டுனு சொல்லிட்டாய்ங்க!"

குபேந்திரன் ஆறு மாதமாக இன்டர்நெட்டில் சுங்குடிச் சேலை விற்கிறார். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படம் ஏற்றுவார். ஆர்டர் வந்தால் கூரியரில் அனுப்புவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வடக்கே எங்கேயோ ஓர் அம்மணி சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் புகார் தட்டிவிட்டார்: 'புள்ளிகள் ஒரே அளவில் இல்லை. ஆகவே இது போலி.'

கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினால் புள்ளி ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாகத்தான் வரும். அச்சடித்த சேலையில்தான் எல்லாம் ஒரே அளவு. அதாவது... ஒரிஜினலாக இருந்ததுதான் குற்றம்! வெப்சைட்காரர்கள் அவர் பக்கத்தை மூடிவிட்டார்கள். பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்து நிரூபிக்காவிட்டால் நிரந்தர மூடல். தீபாவளி வேறு நெருங்குகிறது.

"நீங்க பத்திரிகையில பத்தி எழுதுற எழுத்தாளரு. ஒரு லெட்டர் போட்டு விடுங்கண்ணே."

எழுத்தாளர் என்று சொல்லிவிட்டால் நான் எதையும் செய்வேன். மூன்று பக்கம், ஆங்கிலத்தில். நாயக்கர் காலத்தில் ஆரம்பித்து, மதுரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். பதில் இரண்டே வரி. வரலாறு வேண்டாம், தயாரிப்பாளர் குபேந்திரன் முடிச்சுப் போடும் போட்டோ வேண்டும்.

தயாரிப்பாளர் குபேந்திரனா? ஆமாம், தன் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தாராம்.

மறுநாள் கேமராவோடு போனேன். மனிதர் இஸ்திரி போட்ட சட்டையில், துணியும் நூலுமாகத் தரையில் உட்கார்ந்தார். துணியைக் கிள்ளினார். நூலைச் சுற்றினார். அவிழ்ந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி அவிழ்ந்தது. கேமராவைப் பிடித்துப் பிடித்து என் கை வலித்ததுதான் மிச்சம்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி பிரேமா எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் அத்தனை சேலைக்கும் முடிச்சுப் போடுபவர் அவர்தான்.

"இம்புட்டு நேரமா ஒரு புள்ளிக்கு? என்ன நடக்குது இங்க?"

விஷயத்தைச் சொன்னோம். இருவரும் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. யார் தோற்கிறார் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

கடைசியில் எனக்காகத் தமிழுக்கு வந்தார் பிரேமா.

"தீபாவளிக்குன்னு அம்புட்டுச் சேலைக்கும் முடிச்சுக் கட்டி வச்சிருக்கேண்ணே. சேலை ஒரிஜினல்தான். போட்டிருக்கிற பேருதான் டூப்ளிகேட்டு."

எனக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று பக்கக் கடிதத்தில் நானும் ஒரு வரிகூட அவரைப் பற்றி எழுதவில்லையே!

குபேந்திரன் எழுந்தார். பிரேமா உட்கார்ந்தார். நான் கேமராவைச் சரிசெய்வதற்குள் ஒரு வரிசை முடிச்சு விழுந்திருந்தது.

போட்டோவோடு ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்பினோம் — தயாரிப்பாளர் பெயரைத் திருத்தவும். நாலாம் நாள் பக்கம் திறந்துவிட்டது. தயாரிப்பு: பிரேமா. குபேந்திரன் பெயர் கீழே, சின்ன எழுத்தில், கூரியர் விசாரணைக்கு மட்டும்.

யோசித்துப் பார்த்தால், அந்த வடக்கத்தி அம்மணியைக் குறை சொல்ல முடியவில்லை. தப்பான காரணத்தைச் சொல்லி, சரியான போலியைப் பிடித்துவிட்டார். நம் வீடுகளில் இப்படி எத்தனை தயாரிப்பாளர்கள்! பெயர் ஒருவருக்கு, விரல் வலி இன்னொருவருக்கு.

இதையெல்லாம் என் மனைவியிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வாரா வாரம் உங்களுக்குக் கதை எடுத்துக் குடுக்கிறது நானு. உங்க பத்தி மேல மட்டும் ஏன் யாரும் புகார் குடுக்க மாட்டேங்கிறாங்க?"