மணிக்கட்டில் வந்த அழுகை

இந்தோனேசியாவின் செமாராங் கடலோரத்தில் மீனுக்குப் புகை போடும் கொட்டகையில் சுமிரா வேலை பார்த்தாள். சின்ன வயதில் கண்ட காய்ச்சல் அவளுடைய இரண்டு காதையும் கொண்டுபோயிருந்தது. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், வாயால் பதில் சொல்வாள். மகள் லாராஸ் பிறந்தபின், கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது புருஷன் ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தான். தூளிக்குப் பக்கத்தில் தொங்கும் போன் குழந்தையின் அழுகையைக் கேட்டால் கடிகாரம் விட்டு விட்டு அதிரும். போன் எட்டும் தூரம் கொஞ்சம்தான்; கொட்டகை வீட்டின் பின்சுவரை ஒட்டியே இருந்ததால் அது போதுமானதாக இருந்தது.

'மாக்' என்று அவள் கூப்பிடும் மாமியார் பாயினெமுக்கு அது பிடிக்கவில்லை.

"பெத்தவளுக்குத் தானா தெரியணும். ஒரு பொம்மையா வந்து சொல்லணும்?"

"தெரியுது மாக். கையில தெரியுது."

அன்று பிற்பகல் கடிகாரம் ஒரே ஒரு தரம் சுருக்கென்று அதிர்ந்து ஓய்ந்தது. போனின் தொடர்பு அறுந்தால்தான் அப்படி ஆகும். சுமிரா குனிந்து பார்த்தாள். காலடியில் தண்ணீர். கடல் கரையைத் தாண்டி உள்ளே வந்திருந்தது.

பின்கதவு ஊறிப்போய்த் திறக்கவில்லை. சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தூளி காலியாக இருந்தது. போனும் இல்லை, மாமியாரும் இல்லை.

தெருவில் ஆளுக்கொரு மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். வழியில் வந்தவனின் சட்டையைப் பிடித்து, "எம் புள்ள எங்க?" என்றாள். அவன் எதையோ சொல்லிக்கொண்டே முகத்தைத் திருப்பினான். பாதி உதடுதான் தெரிந்தது. இன்னொருத்தி கடல் பக்கம் கை காட்டினாள். குழந்தையைக் காட்டினாளா, அலையைக் காட்டினாளா, புரியவில்லை.

மூன்று சந்துகள் கூடும் இடத்தில் மணிக்கட்டு அதிர்ந்தது. விட்டு விட்டு. லாராஸ் அழுகிறாள். சுமிரா வலப்பக்கம் ஓடினாள், அதிர்வு அறுந்தது. திரும்பி வந்து, கையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு இடது சந்தில் நடந்தாள். மீண்டும் அதிர்ந்தது. இந்தத் தரம் அதிர்வு நிற்கவில்லை. தண்ணீர் இடுப்புவரை ஏறியது. சந்தின் கோடியில் தொழுகைக் கூடத்தின் மாடிப்படி.

மேலே, பெண்களுக்கு நடுவில், பாயினெம் குழந்தையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டுக்குள் போனும் இருந்தது. மருமகளைக் கண்டதும் வெடித்தாள்.

"எவ்வளவு நேரமா கொட்டகைப் பக்கம் பார்த்துக் கத்துனேன் தெரியுமா? தொண்ட கிழியக் கத்துனேன்..."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கத்தாதீங்க மாக்," என்றாள் சுமிரா. "ஒரு எட்டு வந்து என்னைத் தொட்டிருக்கலாமே."

"புள்ளைய வெச்சிக்கிட்டு அந்தத் தண்ணில எப்படி வருவேன்? பயந்துட்டேன்டி." கிழவி கட்டை அவிழ்த்துக் குழந்தையை நீட்டினாள். "போனை மட்டும் விடல. நீ அதத்தான நம்பி இருக்க."

சுமிரா சுவரோரம் உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை அடங்கிய பிறகு, கடிகாரத்துக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று கழற்றப் பார்த்தாள். ஊறிப்போன வார் பிடிபடவில்லை. பாயினெம் நகர்ந்து வந்து அதைக் கழற்றி, குழந்தையைக் கட்டியிருந்த துணியால் துடைத்தாள்.