நான் கொளுத்திய ஸ்டேஷன்

எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள பிளைவுட் பலகையில் விருதுநகர் சந்திப்பைக் கட்ட எனக்கு மூன்று வருடம் பிடித்தது. அதைக் கொளுத்த ஐந்து நிமிடம் ஆகவில்லை. கொளுத்தியது நானேதான் என்பதால் நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பேப்பர் குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு வெம்பக்கோட்டை ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில். மற்றவர்கள் கையில் காசு சேர்ந்தால் மனை வாங்குவார்கள், மாடு வாங்குவார்கள். நான் பொம்மை ரயில் விட்டேன். எஞ்சினையும் நாலு பெட்டிகளையும் சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் கொண்டுவந்தான். பச்சையாக வந்த எஞ்சினுக்கு நம்மூர் நீலத்தை அடித்தேன். தண்டவாளக் கம்பியை மட்டும் வாங்கி, மருந்து முக்காத தீக்குச்சிகளைக் குறுக்குக் கட்டைகளாக ஒவ்வொன்றாக அடியில் ஒட்டினேன். ஸ்டேஷன் கட்டடம் தினசரி காலண்டர் அட்டையில் செய்தது. கரிசல் மண்ணை மாவுச் சல்லடையில் சலித்ததற்காக மனைவியிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. மஞ்சள் பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் எழுதினேன். இந்தி எனக்கு வாசிக்கத் தெரியாது. ரயிலடிக்குப் போய், பிளாட்பாரத்தில் நின்று, ஒரு தாளில் பார்த்து வரைந்துகொண்டு வந்தேன்.

தெருவில் கேலிக்குப் பஞ்சமில்லை. "மதுரைக்கு டிக்கெட் எம்புட்டு அண்ணாச்சி? காரியாபட்டியில நின்னு போகுமா?" என்பார்கள். காரியாபட்டிக்கு ரயிலே கிடையாது என்று நான் மெனக்கெட்டு விளக்குவேன். அதற்கும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை இப்போது யாராவது திருப்பித் தந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். ரயில் இருந்த பின்னறைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. சுவர் உச்சியில், கூரை சேரும் இடத்தில், கை நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. கொட்டகையில் பக்கத்து வீட்டு மதினியும் கூலிக்கு வரும் இரண்டு பெண்களும் பட்டாசுக்குத் திரி செய்தார்கள். தாயில்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போகும் சரக்கு. லைசென்ஸ் கிடையாது. வீட்டில் வைத்துச் செய்யக் கூடாத வேலை அது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நானும் திறந்ததில்லை.

மதினியின் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்பேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் ரயில் ஓடுவதைப் பார்க்க வந்தார். தண்டவாளம் பிரிகிற இடத்தை எஞ்சின் தாண்டும்போது சக்கரத்தடியில் நீலமாக ஒரு பொறி தெரிந்தது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தம்பி, சுவத்துக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு தெரியும்ல? இங்கன பொறி பறக்குதே."

"வெறும் பன்னெண்டு வோல்ட்டு அண்ணாச்சி. கையை வச்சாக்கூட ஒண்ணும் செய்யாது."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. கொட்டகையில வேல நடக்கும்போது ஓட்டாதீக."

கள்ளத்தனமாக வெடிமருந்து வைத்திருந்தவர் சட்டம் போட்டார். நான் கட்டுப்பட்டேன். கொட்டகையில் ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவது என்று பேச்சு. அந்தப் பேச்சை ஒரு தடவைகூட நான் மீறியதில்லை. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் இனி பிரயோசனம் இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

தீப் பிடித்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். நான் சாப்பிட வந்திருந்தேன். தட்டில் கை வைத்த நேரத்தில் சத்தம் கேட்டது. ஓடிப் போனால் கொட்டகைக் கூரை நாலாகப் பிளந்து கிடக்கிறது. கூலிக்கு வந்த இருவரும் பின்பக்கமாகத் தப்பிவிட்டார்கள். மதினியை வாசலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்து, நினைவில்லாமல் கிடந்தாள். என் மனைவிதான் ஈரத் துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஆட்டோவில் மதினியின் தங்கை கூடப் போனாள். அண்ணாச்சி போகவில்லை. மிச்சத் திரியையெல்லாம் சாக்கில் அள்ளி எங்கேயோ அனுப்பிவிட்டு, கொட்டகையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு என் வீட்டுக்கு வந்து, நான் தடுப்பதற்குள் என் காலைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, கேஸானா எங்க ரெண்டு பேரையும் உள்ள வச்சிருவாக. அடுத்த மாசம் புள்ளைக்குக் கல்யாணம் தம்பி. ஒங்க ரயிலு வயரு ஷார்ட் ஆகி, சுவத்து ஓட்ட வழியாப் பொறி விழுந்து, பழைய பேப்பர்க் கட்டு பிடிச்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

அவர் மகள் எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தேதான் சரி என்றேன்.

ஆனால் தீ எங்கள் பக்கம் வரவே இல்லை. பின்னறையில் ரயில் முந்தின ஞாயிற்றுக்கிழமை நிறுத்திய இடத்தில் அப்படியே நின்றது. பார்க்க வருகிறவர்கள் நம்ப வேண்டுமே. அண்ணாச்சி தீப்பெட்டியை நீட்டினார். அவரிடம் விட்டால் வீட்டையே எரித்துவிடுவார் போலிருந்தது. நானே வாங்கினேன். சுவரை ஒட்டி இருந்தது ஸ்டேஷன். காலண்டர் அட்டை சட்டென்று பிடிக்காது. முதலில் கருகும், பிறகு ஓரமாகச் சுருளும். இரண்டு குச்சி அணைந்து, மூன்றாவதில்தான் பிடித்தது. பெயர்ப்பலகை போனது, பிளாட்பாரம் போனது, கட்டைகளாக ஒட்டிய குச்சிகள் வரிசையாகப் போயின. போதும் என்று தோன்றியதும் மனைவி தண்ணீரை ஊற்றினாள். எனக்கு அழுகை வரவில்லை. அண்ணாச்சியை அறைய வேண்டும் போல் இருந்தது.

பார்வையிட வந்த அதிகாரிகளில் ஒருவர் ரயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை வோல்ட்?" என்று கேட்டார். சொன்னேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதினார். நானும் என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

முதல் வாரம் அண்ணாச்சிக்கு நான் குலசாமி. ஒரு மாதத்தில் கதை மாறிவிட்டது. குடோன் சாவியை முதலாளி வாங்கிக்கொண்டு, "வீட்டுலயே தீய வச்சவுக கையில பேப்பரக் குடுக்க முடியுமா?" என்று என்னை வாசலில் வண்டிக் கணக்கு எழுத உட்காரவைத்தார். கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என்னைக் காட்டி, "ரயிலு விட்டுத் தீய வச்சது இவுகதானா?" என்று அண்ணாச்சியிடமே கேட்டார். அண்ணாச்சி, "எலைக்கு அப்பளம் வையிங்கப்பா" என்று நகர்ந்துவிட்டார். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். நான் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

அச்சகத்தை விட்டு நின்ற பிறகு, போன வருடம், மிச்சமிருந்த பலகையைத் துடைத்து எடுத்தேன். கருகிய இடத்தை அறுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்தேன். இந்தத் தடவை ஸ்டேஷன் வேண்டாம், வெறும் வளையமாக ஓடினால் போதும் என்று நினைத்தேன். முதல் நாள் எஞ்சின் ஓடிய சத்தம் சுவர் ஓட்டை வழியாகக் கேட்டிருக்கும் போல. மறுநாள் காலையில் மதினி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மறுபடியும் அந்த வேல வேண்டாம் தம்பி. என் கையப் பாருங்க."

சுருங்கிப்போன இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். கூட ஆள் யாரும் இல்லாததால், ஊருக்காகத்தான் சொல்கிறேன் என்று ஒரு கண்ணசைவாவது இருக்கும் என முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும், போலீஸ் கேட்பதற்கு முன்னால் அண்ணாச்சி இவளுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு உண்மையைச் சொல்லவே இல்லை. இத்தனை வருடம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இவள் என்னை நினைத்துக்கொண்டே கைப் புண்ணுக்கு மருந்து தடவியிருக்கிறாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் அவளுக்குப் புருஷன் மிஞ்ச மாட்டான். என் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்று, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இனி ஓட்டல மதினி" என்றேன்.

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல தம்பி. வேணும்னா செஞ்சீக? நான் ஆஸ்பத்திரியிலயே ஒங்கள மன்னிச்சிட்டேன்" என்றாள்.