நடுவில் இருந்த வீடு

நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று கேக் வெட்டியவர்களில் ஒருவர்கூடக் கொழும்பு, கொட்டாஞ்சேனையின் அந்த மாடிப்படியில் ஏறியதில்லை. ஏறியவள் ஜெயராணி. மலேரியாத் தடுப்புப் பிரிவில் அவளுக்குக் களவேலை. பிடிவாதத்தில் கழுதை தோற்றுவிடும்.

இந்தியக் கரையில், மண்டபம் அகதி முகாமின் நர்ஸ் ஒருத்தி போனில் சொன்ன செய்திதான் ஆரம்பம். அங்கே மலேரியாவுக்கு மருந்தெடுத்த கணவனும் மனைவியும் பாதியில் விட்டுவிட்டுக் கள்ளப் படகேறிக் கொழும்புக்கு வந்துவிட்டார்களாம். கடலுக்கு இந்தப் பக்கம் தேடுவது ஜெயராணியின் பாடு. தேடிப் பிடித்தாள். திலக்ஷன், கும்பல் தகராறில் ஒருவனை வெட்டிவிட்டு இந்தியாவுக்கு ஓடியவன். பொலிசுக்குச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அவனும் மனைவி சுதர்சினியும் மருந்துக்கு இணங்கினார்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமி சாக இரண்டு வாரம் தினமும் மாத்திரை விழுங்கவேண்டும். விட்டால் காய்ச்சல் திரும்பும், கடிக்கிற நுளம்பு அதை ஊருக்கே கொடுக்கும்.

நோயாளி கிடைத்தால் சுற்றியுள்ள வீடுகளிலும் விரல் குத்தி இரத்தம் பார்ப்பது முறை. ஜெயராணி பார்த்தாள். அவர்கள் பெயரைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் வட்டம் போட்டால் நடுவில் யார் என்று கண்டுபிடிக்க டாக்டர் பட்டமா வேண்டும்?

ஒரு காலையில் அவள் அன்றைய மாத்திரைக்குத் தண்ணீரை நீட்டிக்கொண்டிருந்தபோது, அன்று வெட்டுப்பட்டவனின் ஆட்கள் இருவர் வாளோடு நுழைந்தார்கள். முதல் வெட்டு திலக்ஷனின் தோளில், அடுத்தது கழுத்தில். சுவரெல்லாம் இரத்தம். ஜெயராணி துவாயால் கழுத்தை அழுத்திப் பிடித்தாள். அவன் அவள் மடியிலேயே போய்விட்டான்.

இனி அந்தப் பக்கம் போகாதே என்றது அலுவலகம். முன்பே ஏன் சொல்லவில்லை என்று பொலிஸ் மேசையில் அறைந்தது. எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு, பிணம் சவச்சாலையில் கிடக்க, மறுநாளே அவள் படியேறினாள்.

கதவைத் திறந்த சுதர்சினி, கையில் அகப்பட்ட இடியப்ப உரலால் முகத்தில் அடித்தாள். பல் உடைந்தது. விழுந்தவளை மிதித்தாள்.

"வீடு வீடா ரத்தம் எடுத்து, நீங்கதானே அவங்களுக்கு எங்கட வீட்டைக் காட்டினது?"

"ஓம்," என்றாள் ஜெயராணி. "நான்தான்."

அந்த ஒரு சொல்லை அவளுக்கு மேலே இருந்த எவனும் இன்றுவரை சொல்லவில்லை.

ஜெயராணி இரத்தத்தைத் துப்பிவிட்டு மாத்திரையை நீட்டினாள். சுதர்சினி தட்டிவிட்டாள். ஜெயராணி இன்னொன்றை எடுத்து நீட்டினாள்.

"இதைக் குடிச்சு நான் இனி யாருக்கு இருக்கோணும்?"

"தெரியாது. அடிக்கிறதெண்டா அடியுங்கோ. குடிச்சிட்டு அடியுங்கோ."

சுதர்சினி விழுங்கினாள். பிறகு அடித்தாள்.