ஃபாதர் முகத்தில் தெரிந்த கடல்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் புன்னைக்காயலில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் நேற்றுப் போன அத்தான் இன்று காலைப் பூசை தொடங்கியும் கரைக்கு வரவில்லை. தேடிப் போனவர்களிடமிருந்தும் தகவல் இல்லை.

இரவெல்லாம் அடித்த காற்று விடிந்ததும் தணிந்துவிட்டது. ஒன்றுமே நடக்காத மாதிரி கடல் அவ்வளவு அழகாக மின்னியது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கோயிலில், கடலைப் படைத்தவரின் மாட்சியைப் பாடத் தொடங்கினார்கள். அக்கா வாயே திறக்கவில்லை.

“பாடுக்கா.”

“ஏளா, மனுசன் மொதல்ல வரட்டும். பெறவு பாடுதேன்.”

எங்கள் கோயில் வாசல் கடலைப் பார்த்தது. பூசை நேரத்தில் நாங்கள் பின்னால் திரும்பக் கூடாது. பீடத்தில் நிற்கும் ஃபாதருக்கு மட்டும் எங்கள் தலைகளுக்கு மேலே கடல் தெரியும். அதனால் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாவம், ஜெபத்தில் இரண்டு இடத்தில் தடுமாறினார்.

பூசையின் உச்சத்தில் அப்பத்தை உயர்த்தியவர் கையை இறக்கவில்லை. பார்வை எங்களைத் தாண்டிப் போனது. சிரித்தார். கண் கலங்கிவிட்டது.

அவ்வளவுதான், கோயில் மொத்தமும் வாசல் பக்கம் திரும்பிவிட்டது.

வெயிலில் தகதகக்கும் கடல். முன்னால் தேடிப் போன படகு, பின்னால் கயிற்றில் கட்டிய அத்தான் படகு, அதில் அத்தான்.

யாரும் மூச்சுக்கூட விடக் கூடாத அந்த அமைதியில் அக்கா மட்டும் உரக்கப் பாடினாள். சுருதியே சேரவில்லை.

பூசை முடிந்ததும் ஃபாதர் கேட்டார்: “பீடத்துக்கு முதுகக் காட்டலாமா?”

“நீங்கதான சாமி மொதல்ல சிரிச்சீய?” என்றாள் அக்கா.

இந்தக் குற்றத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியது நாங்களா, ஃபாதரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.