முதல் சிப்பைப் பார்க்க அவளை அனுப்பினார்கள்

காட்டுப்பாக்கத்தில் நான் கம்பெனி பஸ் ஏறினேன். எனக்காகக் கைப்பை வைத்துப் பிடித்திருந்த இடத்தில் என்னை உட்காரவிட்டுத்தான், என் குழுவில் என்னைவிடச் சின்னவளான அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, என்ன அமெரிக்கா அனுப்றாங்கக்கா. நேத்து சாய்ந்தரம் மேனேஜர் கூப்ட்டு சொல்லிட்டாரு. நம்ப சிப்பு வருதில்ல, அத்த ஆன் பண்ண."

"ஐயோ, சூப்பர்ப்பா!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

மெட்ரோ தூண்களை ஒட்டி பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. போரூர் வரும்வரை அவள் பேச்சை நிறுத்தவில்லை. விசா, குளிருக்குக் கோட்டு எங்கே வாங்குவது, விஷயத்தைக் கேட்டதும் அவள் அம்மா அழுத அழுகை. எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகப் பதில் சொன்னேன். உள்ளே மட்டும், போக வேண்டியது நானல்லவா என்றே ஓடிக்கொண்டிருந்தது.

இது ஏன் என்னை அவ்வளவு சுட்டது என்பது புரிய எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒரு பெரிய செமிகண்டக்டர் நிறுவனத்தில் வெரிஃபிகேஷன் இன்ஜினியர். சிப்பை வடிவமைப்பது இன்னொரு குழு. அது தொழிற்சாலைக்குப் போவதற்கு முன்னால் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு, எங்கே சொதப்பும் என்று தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் பாடு. தொழிற்சாலைக்குப் போனபின் தப்புத் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். அதனால் மாதக்கணக்கில் ஒரே சிப்போடு குடித்தனம் நடத்துவோம். அது எப்போது முரண்டு பிடிக்கும், எதற்கு அடங்கும், எல்லாம் அத்துப்படி. ஆனால் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோடுகள்தான் எங்களுக்குச் சிப்.

கடைசியில் ஒருநாள் அது நிஜமான பொருளாகி, அமெரிக்காவில் இருக்கும் தலைமை அலுவலக ஆய்வகத்துக்கு வந்து சேரும். ஒரு சர்க்யூட் போர்டில் பொருத்தி முதல்முறையாக மின்சாரம் கொடுப்பார்கள். அந்த அறையில் நிற்க எங்கள் சென்னை அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் போவது வழக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் போனதில்லை. இந்தமுறை நான்தான் என்று யாரும் சொல்லாமலே முடிவு செய்து வைத்திருந்தேன். அந்தச் சிப்பில் பாதி என் கையால் சோதித்தது.

அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அவள் சென்னீர்குப்பத்துப் பெண். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு நடவுக்குப் போன குடும்பம். வயல் எல்லாம் கிடங்காக மாறியபின் அவள் அப்பா அதே இடத்தில் லாரியில் சுமை ஏற்றுகிறார். அவள் படித்து எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தபோது மேனேஜர் அவளை என்னிடம் ஒப்படைத்தார். அலுவலகத்தில் மற்றவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் முதல் நாளே என்னை "அக்கா" என்றாள்.

நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அங்கே ஒரு பிள்ளையின் மார்க்கு சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். தெரியாது என்று வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்பதை நான் அங்கேதான் கற்றிருக்க வேண்டும். புரியாத ஒன்று வந்தால் தலையாட்டிவிட்டுத் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்வேன்.

அவள் அப்படியில்லை. ஒரு கூட்டத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மூத்த வடிவமைப்பாளர் பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினோம். அவள் கையைத் தூக்கி, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், தனக்கு ஒன்றுமே புரியவில்லை, சிப்பின் இந்தப் பகுதி ஏன் பக்கத்துப் பகுதிக்கு முன்னாலேயே மின்சாரத்தை அணைத்துத் தூங்கப் போகிறது என்று கேட்டாள். எனக்கு அவளுக்காக வெட்கமாக இருந்தது. அவர் தன் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நல்ல கேள்வி, எனக்கும் இப்போது சந்தேகமாக இருக்கிறது" என்று சிரித்தார். கூட்டம் முடிந்ததும் அவள் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார். அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை போல என்று சும்மா இருந்துவிட்டேன்.

அன்றிலிருந்தே எனக்கு அவள்மேல் ஒரு கண் இருந்தது என்று நினைக்கிறேன். பயணச் செய்தி வந்ததும் அதற்குப் பொறாமை என்ற பெயரை வைக்க வேண்டியதாயிற்று.

அவள் போன பிறகு பஸ்ஸில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. போனை எடுத்து அவள் வைத்த ஸ்டேட்டஸ்களைப் பார்ப்பேன். பார்க்கக் கூடாது என்று உள்ளே வைத்துவிட்டு மறுபடியும் எடுப்பேன். கழுத்தில் ஆய்வக அட்டை. கையில் பெரிய காபிக் கோப்பை. பின்னால் யாருடைய தோட்டமோ, மஞ்சள் இலைகள். அவளுக்கு அந்தக் கோட்டு பொருந்தவில்லை என்று எனக்குள் ஒரு சின்னத் திருப்தி. அடுத்த படத்தில் அதுவும் பொருந்தியிருந்தது.

ஆவடியிலிருந்து அம்மா போன் செய்தபோது, "உங்கூட வேலை பாக்கற பொண்ணு அமெரிக்கா போயிருக்காமே, உன்னைவிடச் சின்னவளாமே" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். என் கணவர்தானாம். இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

ஒரு சாயங்காலம் குழந்தைக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"அக்கா, ஒரே பேஜாரா கீதுக்கா. சிப்பு எந்திரிக்கவே மாட்டேங்குது. கரண்ட்டு போவுது, கிளாக்கு துடிப்பும் வருது, அதோட நின்னுடுது. இங்க எல்லாரும் மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறாங்க."

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு என்னையே பார்த்த குழந்தைக்குக்கூட அது தெரிந்திருக்கும். அவள் நிற்கிற இடத்தில் சிரிப்பில்லை, கைதட்டல் இல்லை. நன்றாக வேண்டும் என்று இருந்தது.

ஆனால் அந்தச் சிப் எந்திரிக்கவில்லை என்பது வேறு மாதிரியும் உறுத்தியது. அது என்னுடைய சிப். தட்டை வைத்துவிட்டு, "எங்க நிக்குது, நிதானமா சொல்லு" என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பிடிபட்டது. சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதியும் மின்சாரம் வந்ததும், நான் தயார் என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். எல்லாக் குரலும் வந்தால்தான் மொத்தமும் கண் விழிக்கும். ஏதாவது ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் தாமதமானால், அதன் குரல் யார் காதிலும் விழாமல் போய்விடும். சிப் காத்துக்கொண்டே கிடக்கும். இதை நான் முன்பே ஒருமுறை கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தேன். நிஜ போர்டில் அப்படி நடக்காது என்று வடிவமைப்புக் குழு ஒதுக்கிவிட்டது.

"போர்டுல மெமரிக்குப் போற கரண்ட் மத்ததோட சேர்ந்து வருதா, பின்தங்கி வருதான்னு அளந்து பாரு. பின்தங்கினா அதை முதல்ல குடுத்துட்டு மத்ததைக் குடு."

"அவ்ளோதானா?"

"பாரு முதல்ல."

மறுநாள் அலுவலகம் போனபோது எல்லோரும் ஒரே உற்சாகமாக இருந்தார்கள். சிப் எழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் இரண்டு ஊர்களும் சேர்ந்த வீடியோ கூட்டத்தில் பெரியவர்கள் அவளைப் பாராட்டத் தொடங்கினார்கள். அவள் குறுக்கே பேசினாள். அதைக் கண்டுபிடித்தது தான் இல்லை என்று என் பெயரைச் சொன்னாள். நான் எப்படிச் சொன்னேன், என்ன அளக்கச் சொன்னேன், முன்பே நான் இதை எச்சரித்திருந்தேன், எதையும் விடவில்லை. திரையில் இருந்தவர்கள் எனக்குக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் தோளில் தட்டினார்கள்.

அவள் மறைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டிக்கொள்ள ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதையும் பிடுங்கிக்கொண்டாள். கைதட்டல் எனக்கு, ஆனால் கேமராவுக்கு முன்னால் அந்தச் சிப்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டியது அவள். எனக்கு அதன் மேல்தான் கண்.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை.

"என்னை ஏன் கேக்கவே இல்ல?"

அவர் உண்மையிலேயே குழம்பினார். "உங்களுக்குச் சின்னக் குழந்தை இருக்கே. போக முடியாதுன்னு நெனச்சேன். உங்களைச் சங்கடப்படுத்த வேணாம்னுதான்."

"நீங்களே நெனச்சுக்கிட்டா எப்படி?"

"அந்தப் பொண்ணு நேரா வந்து, நான் போறேன் சார்னு கேட்டா. நீங்க கேக்கல." சற்றுத் தயங்கிவிட்டுச் சேர்த்தார். "கேட்டிருந்தா கண்டிப்பா யோசிச்சிருப்பேன்."

"இப்ப கேக்கறேன். அடுத்த சிப்புக்கு நான் போறேன்."

வெளியே வந்தபின்தான் உறைத்தது. அத்தனை வருட வேலையில் எனக்காக நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல்முறை.

அவள் திரும்பி வந்ததும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாக்லேட் டப்பாவை மடியில் வைத்தாள். நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் முகம் சிறுத்துப்போகும் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் ஆகவில்லை.

"நீங்க கேப்பீங்கன்னு பாத்துகினே இருந்தேன்கா. நீங்க கேக்கல. வோணாம்னு உட்டுட்டீங்க போலன்னு நெனச்சேன். எங்க ஊட்ல யாராச்சும் வந்து, உனுக்கு இன்னா வோணும்னு கேட்டு எதுனா நடந்துகீதா? நம்பதான் கேக்கணும்."

சாக்லேட் டப்பாவைத் திறந்து அவளுக்கு ஒன்று கொடுத்து நானும் ஒன்று தின்றேன். இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

அடுத்த சிப்புக்கு நான் போனேன். அம்மா ஆவடியிலிருந்து வந்து வீட்டில் தங்கினாள். கணவர் பால் காய்ச்சவும் ஜடை பின்னவும் பழகிக்கொண்டார். ஆய்வகம் நான் கற்பனை செய்திருந்ததைவிடச் சின்னது, ஏகப்பட்ட ஒயர்கள், குளிர். சிப் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. போர்டில் பொருத்தி, என்னையே பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். மீட்டரில் எண்கள் ஏறின, நின்றன. திரையில் முதல் வரி வந்தது. அவ்வளவுதான். எல்லோரும் கைகொடுத்தார்கள். யாருக்கும் தெரியாமல் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குள் அவள் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தாள். பெங்களூரில் பெரிய பொறுப்பு, அவளுக்குக் கீழே ஒரு குழு. அந்தச் செய்தி வந்த அன்று வயிறு மறுபடியும் எரிந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்ததும் நான் கூப்பிட்டது அவளைத்தான்.

"சொல்லுங்கக்கா! எந்திரிச்சிச்சா?"

"எந்திரிச்சிடுச்சு. பொத்தானை அழுத்தினேன், உடனே வந்துடுச்சு. ஒரு பிரச்சினையும் இல்ல."

"அய்யே, இவ்ளோதானா? நம்புளுது எவ்ளோ பேஜார் குட்த்துச்சு, ஞாபகம் கீதா? மூணு நாளு தூக்கம் இல்லாம..." என்று அவள் ஆரம்பித்துவிட்டாள். அந்த ஆய்வகத்தில் யார் யார் என்ன சொன்னார்கள், யார் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள், கடைசியில் எழுந்தபோது யார் எப்படிக் கத்தினார்கள் என்று அவளிடம் ஒரு முழுக் கதை இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் குளிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் சிப்பும் கொஞ்சம் முரண்டு பிடித்திருக்கலாமே என்று தோன்றியது.