திரைக்கு அந்தப் பக்கத்துப் படங்கள்

"முடிவெட்டுதவன் முன்னால குனியாத தலையும் கிடையாது, போட்டோ பிடிக்கவன் முன்னால நிமிராத தலையும் கிடையாது" என்று எங்கள் பெரிய மாமா சொல்வார். மூன்றாவதாக இன்னொரு தொழில்காரரையும் சேர்ப்பார். தையல்காரரா, வக்கீலா, மறந்துவிட்டது. மாமா இப்போது இல்லை, கேட்டுக்கொள்ள வழியில்லை. ஆனால் முதல் இரண்டும் சரிதான் என்பதை, என்னைப் போலக் காமிராப் பட்டை உரசி உரசிக் கழுத்து கறுத்துப்போனவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

நான் பூனாவில் விளம்பரக் கம்பெனிகளுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன். பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் வெளிச்சம் போட்டு அலுத்து, ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் பாளையங்கோட்டைக்குத் திரும்பினேன். எஸ்தர் அக்காவின் ஸ்டூடியோவில் கூட்டாளியாகச் சேர்ந்துகொண்டேன். அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பாவாடை தாவணிக் காலத்திலிருந்து முகங்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் அவரைப் பற்றியதுதான்.

சிரிக்கக் கூடாத படம்

ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். மகன் துபாய்க்குக் கூப்பிட்டிருக்கிறானாம். அந்த மகிழ்ச்சியில் மனிதருக்கு வாய் மூடவில்லை. பாஸ்போர்ட்டுக்குச் சிரிக்கக் கூடாது அண்ணாச்சி என்று சொன்னால், சரி சரி என்று தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சிரிக்கிறார். நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். கடைசியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பெஞ்சில் காத்திருந்தபோது அவர் தன் சம்பந்தியைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு பாட்டம் புலம்பியிருக்கிறார். அது உள்ளே இருந்த எஸ்தர் அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டி, "அண்ணாச்சி, ஒங்க சம்பந்தி வந்திருக்காரு" என்றார். பெரியவரின் முகம் அப்படியே கல்லாகிவிட்டது. நான் பட்டனை அமுக்கிவிட்டேன். அவர் வாசலையே பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "அந்தப் பய எங்கன நிக்கான்?"

அங்கே போய்ச் சேர ஒரு படம்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கோட்டும் டையுமாக வந்தார். தான் போன பிறகு அடக்க ஆராதனைக்கு அச்சடிக்கிற அட்டையில் போட இப்போதே ஒரு படம் வேண்டும், பிள்ளைகள் கையில் விட்டால் ஏதாவது கல்யாண வீட்டுப் பந்தியில் எடுத்ததை வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்றார். நியாயமான பயம்தான். சுருக்கத்தையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். அது எனக்கு இடதுகை வேலை. ஆனால் காரணத்தையும் சொன்னார். மனைவி போனபோது அவருக்கு நாற்பது வயதாம். அங்கே போய்ச் சேரும்போது அந்த அம்மாளுக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம்.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். அக்கா என்னைக் கையமர்த்தினார். நாற்காலியை ஜன்னல் ஓரம் நகர்த்தி, கோட்டைக் கழற்றச் சொல்லி, எதற்கெல்லாம் அந்த அம்மா உங்களைத் திட்டுவாங்க சார் என்று சாவகாசமாகக் கேட்டார். சாருக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் வெட்கம் வந்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, பள்ளிக்கூடத்துப் பிரம்பை வீட்டுக்கும் கொண்டுவருவது என்று ஒவ்வொன்றாக வந்தது. நடுவில் எங்கேயோ அக்கா எடுத்துவிட்டார். சுருக்கம் ஒன்றுகூடக் குறையாத படம். சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இது போதும்மா. இதப் பாத்தா கண்டுபிடிச்சிருவா."

வியாழக்கிழமை

வியாழக்கிழமை பிற்பகல் எங்கள் ஸ்டூடியோவின் பின்னறை எனக்குக் கிடையாது. கெட்டியான பச்சைத் திரை ஒன்று இறங்கிவிடும். மேலப்பாளையத்திலிருந்து முஸ்லிம் பெண்கள் வருவார்கள். கல்யாணப் பெண்கள், அவர்களுடைய உம்மாமார், மாமியார்கள், சும்மா ஒரு படம் இருக்கட்டும் என்று வருகிறவர்கள். அக்கா ஆரம்ப நாளிலேயே அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்: இந்தப் படம் வெளி ஆம்பிளை கண்ணில் படாது. எடுப்பதும் அவரே, கழுவியதும் அவரே, இப்போது கம்ப்யூட்டரில் சரிபண்ணுவதும் அச்செடுப்பதும் அவரே. ஒட்டிய உறையில்தான் படம் வெளியே வரும். நெகட்டிவிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை எல்லாம் அவருடைய இரும்பு பீரோவில்.

ஆகவே, என் கூட்டாளி எடுத்ததிலேயே சிறந்த படங்களை நான் பார்த்ததில்லை. காதால் கேட்டிருக்கிறேன். முதலில் என்ன குழம்பு வைத்தாய் என்பதில் பேச்சு தொடங்கும். சிரிப்பு கேட்கும். அப்புறம் பேச்சு ஓய்ந்து ஒன்றுமே கேட்காது. அந்த அமைதி நீண்டுகொண்டே போகும். பிறகு ஒரே ஒரு கிளிக். பூனாவில் ஒரு சோப்புக்கு நான் எத்தனை தடவை அமுக்கியிருப்பேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை ஜைனபு ராத்தா என்பவர் உறையை அங்கேயே பிரித்துவிட்டார். மீன்குழம்புக்குப் பேர்போன வீட்டுக்காரர், நல்ல கனத்த குரல்.  திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது: "ஆதார் கார்டுல இருக்கவ என் நாத்தனாரு மாதிரி இருக்கா எஸ்தரு. இவதான் நான்."

விருந்தாளி

பூனா நண்பர் ஒருவர் குற்றாலம் போகும் வழியில் என்னைப் பார்க்க வந்தார். புகைப்படக் கண்காட்சிகள் நடத்துகிறவர். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் வியாழக்கிழமைகளைப் பற்றி அளந்துவிட்டேன். ஒன்றாவது பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அக்கா அதே பின்னறையில் எடுத்த தன் தங்கையின் படத்தைக் காட்டினார். தங்கை சம்மதித்து, வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருப்பது அது ஒன்றுதான். நண்பருக்குக் கொடுத்த காப்பி ஆறி ஏடு கட்டியது. அவர் படத்தை விட்டு அசையவில்லை. நானும் அன்றுதான் முதலில் பார்த்தேன். அடுப்படியிலிருந்து கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிய மாதிரி ஒரு முகம். அதற்குமேல் சொன்னால் கெட்டுவிடும்.

பெங்களூரில் ஒரு பெரிய கூடம், அக்காவின் படங்கள் மட்டும், கூடவே ஒரு புத்தகம் என்றார் நண்பர். அக்கா வேண்டாம் என்று சொல்லுவார் என்றே நினைத்தேன். சொல்லவில்லை. எந்தக் காகிதத்தில் அச்சடிப்பார்கள், எவ்வளவு பெரிதாக, எந்த உயரத்தில் மாட்டுவார்கள் என்று விசாரித்தார். ஊரில் யாருக்கும் தெரியாமல் நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்திருக்கிற ஒரு கலைஞர் அப்படித்தானே கேட்பார். நண்பரை வழியனுப்பிவிட்டு வந்தபோது, அக்கா பின்னறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். "எம் பேர இனிஷியலோட போடுவாங்களா தம்பி?"

கேட்டு வரப் போனது

கேட்காமல் ஒன்றும் அனுப்ப மாட்டேன் என்றார் அக்கா. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து மேலப்பாளையத்துக்குக் கூட்டிப்போனேன். சந்து முனையில் நான் நிற்பேன், அவர் மட்டும் வீடு வீடாகப் போய்வருவார். வரும்போது பதிலைச் சொல்லிக்கொண்டே ஏறுவார். ஏழெட்டு வீட்டில், நீ கேட்டா சரிதான் என்றார்களாம். ஒரு வீட்டில் சவூதியிலிருக்கும் மாப்பிள்ளையைக் கேட்க வேண்டுமாம். ஒரு வீட்டில், தாராளமா போட்டுக்கோ, மூஞ்சிய மட்டும் மறச்சிரு என்றார்களாம். அதைச் சொல்லி அக்கா சிரித்ததில் ஸ்கூட்டரே ஆடியது. சிலர் மாட்டோம் என்று சொல்லத் தெரியாமல் பணியாரம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

கடைசியாக ஜைனபு ராத்தா வீடு. அக்கா வெளியே வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்றபடியே ராத்தா வழியனுப்பினார். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் அந்தக் குரலில் சொன்னார் போலும்: "ஒனக்காகன்னா நான் சம்மதம் எஸ்தரு. ஆனா நான் ஒன் முன்னாலதான் ஒக்காந்தேன், ஊரு முன்னால இல்ல."

சாவி

 சம்மதம் கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் அவரை அழுத்தியது. மறுநாள் பீரோச் சாவியை என் மேசையில் வைத்தார். சரியென்ற வீட்டுப் படங்களை நீயே பார்த்துப் பொறுக்கி அனுப்பு, நீ எனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி, என்னால முடியல என்றார்.

அந்தச் சாவியை நான் எவ்வளவு ஆசையோடு பார்த்தேன் என்பது தொழில்காரர்களுக்குத்தான் புரியும். திறந்திருந்தால் அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். பெங்களூர் கூடத்தில் அவர் பெயர் ஏறியிருக்கும். சாவியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, பெங்களூர் வேண்டாம், மேலப்பாளையத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடிப்போம் என்றேன். படங்களைப் பெரிதாகப் போட்டு மாட்டுவோம், பெண்கள் மட்டும் வந்து பார்க்கட்டும், புத்தகம் கிடையாது, செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடலாம், ஜைனபு ராத்தா ரிப்பன் வெட்டட்டும்.

அக்கா யோசித்தார். முகம் பைய மலர்ந்தது. எந்தச் சுவரில் வெளிச்சம் நன்றாக விழும் என்று அப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்ப நீ என்னைக்குப் பாப்ப தம்பி?"

கண்காட்சி அன்று மண்டபத்து வாசலில் செருப்புக்குக் காவலாக உட்காருவதென்று முடிவு செய்தேன்.